கேம்பர் வேனுக்குக் கருவி வாங்குமுன் கரன்ட் கணக்கைப் போடுங்கள்

தூங்கவும் சமைக்கவும் வசதி செய்த கேம்பர் வேனுக்கு என்னென்ன வாங்கலாம் என்று தேடினால் வருபவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டியல்கள். டீசல் ஹீட்டர் முதல் வரிசையில் இருக்கும், மிக்ஸி எங்கேயும் இருக்காது. மே மாதத்தில் மதுரையிலோ திருச்சியிலோ நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டிய வண்டிக்கு அந்த வரிசை பொருந்தாது. இங்கே பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் பேட்டரி, ஒயர், ஃபியூஸ், ஃபேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த நான்கில் கை வைத்து மிச்சம் பிடித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபிரிட்ஜும் நடுராத்திரியில் நின்றுவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரன்ட்

வாங்க நினைக்கும் ஒவ்வொரு பொருளின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். இருவர் பயணம் செய்யும் வண்டிக்குக் கோடைக்காலக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் எடுக்கும். வெயில் காலத்தில் நாளில் பாதி நேரம் ஓடும், ஆக 600 வாட்-மணி. 15 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் இரண்டு, 10 மணி நேரம்: 300. விளக்குகள் 50. போன், லேப்டாப் சேர்த்து 150. தண்ணீர் பம்ப் 15. 750 வாட் மிக்ஸி 4 நிமிடம்: 50. கூட்டினால் 1,165. இதை 1,200 என்றே வைத்துக்கொள்வோம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. அதாவது ஒரு நாளுக்கு ஒரு பேட்டரி. மேகமூட்டமான நாளையும் தாண்ட வேண்டும் என்றால் 200 ஆம்பியர்-மணி வேண்டும். அதற்குக் குறைவாக வாங்கிவிட்டுப் பிறகு இன்னொன்றை இணையாகச் சேர்ப்பது நல்ல வழியல்ல. பழையதும் புதியதும் சமமாகச் சுமை பகிராது.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரியை எடுத்து வண்டியில் வைத்துவிடலாமே என்ற யோசனை பலருக்கும் வருகிறது. வேண்டாம். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் 50 கிலோவைத் தாண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சடசடவென்று குறையும் என்பதால் கையில் கிடைப்பது 900 வாட்-மணிதான். எல்லாவற்றையும் விட முக்கியமானது, சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். நீங்கள் தூங்கும் மூடிய அறைக்குள் அது இருக்கக் கூடாது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ.

லித்தியத்துக்கு வெயில் ஆகாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட், வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். ஆகவே வண்டிக்கு அடியிலோ இன்ஜின் பக்கத்திலோ வைக்காமல், உள்ளே, சீட்டுக்குக் கீழே காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள். லடாக் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம் வரும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதோடு சேர்த்து வாங்க வேண்டியது ஷன்ட் (நெகட்டிவ் ஒயரில் மாட்டும் கரன்ட் அளவி) வைத்த பேட்டரி மானிட்டர். வோல்ட் மீட்டரைப் பார்த்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. 70 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் நடுவே சுமார் 0.1, 0.2 வோல்ட்தான் வித்தியாசம், ஃபிரிட்ஜ் ஓடினாலே அது அழிந்துபோகும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் ஆம்பியரை ஷன்ட் எண்ணுகிறது. ஆனால் எல்லா நெகட்டிவ் ஒயரும் ஷன்ட்டின் மறுமுனையில்தான் சேர வேண்டும். சோலார் நெகட்டிவையோ ஃபிரிட்ஜ் நெகட்டிவையோ நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டால் காட்டும் சதவீதம் முழுக்கப் பொய். சில வாரங்களுக்கு ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி 100-க்குக் கொண்டுவாருங்கள், எண்ணிக்கையில் சேர்ந்த சிறு பிழைகள் அப்போதுதான் சரியாகும்.

ஒயரும் ஃபியூஸும்

"ஃபிரிட்ஜ் அடிக்கடி ஆஃப் ஆகிறது, பேட்டரி ஃபுல்லாகத்தான் இருக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். 12 வோல்ட்டில் வோல்டேஜ் இழப்பு வீட்டு 230 வோல்ட் மாதிரி மன்னிக்காது. கணக்கு எளிது: போகும் நீளமும் திரும்பும் நீளமும் சேர்த்த மீட்டரை 0.0175-ஆல் பெருக்கி, ஒயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். அதை ஆம்பியரால் பெருக்கினால் இழப்பு.

பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கம்ப்ரஸர் கிளம்பும்போது 10 ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்ட 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃபிரிட்ஜின் குறைவோல்டேஜ் பாதுகாப்பு அதைப் பார்த்துப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஃபிரிட்ஜைச் செருகுவதும் இதே தொல்லையைத் தரும். அந்த சாக்கெட் வண்டி அதிர்வில் தளர்ந்து, தொடும் இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகிய வண்டிகள் ஏராளம். ஃபிரிட்ஜுக்குத் தனி ஒயர், தனி ஃபியூஸ், பூட்டும் வகைக் கனெக்டர்.

ஒயர் எப்போதும் பல இழைகள் கொண்டதாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி ஒயர் வண்டி ஆட்டத்தில் முறியும். முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள், ஈயப்பற்று வைக்க வேண்டாம். பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் சரியாக அங்கேதான் ஒடியும்.

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்றுவதற்கல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவதற்கு. அதனால் அளவைத் தீர்மானிப்பது ஒயர். இடம் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15, 20 சென்டிமீட்டருக்குள். அந்தச் சின்னத் துண்டு ஒயர்தான் பாதுகாப்பே இல்லாத பகுதி, அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். மலிவான ஃபியூஸ் எரிந்த பிறகும் உள்ளே பொறி பாய்ந்து கரன்ட்டை விடும். பேட்டரியின் தலைமை ஃபியூஸுக்கு மட்டும் கிளாஸ்-டி (Class T) வகை வாங்குவது கொடுத்த காசுக்குத் தகும்.

சார்ஜ் ஏற மூன்று வழி

தமிழ்நாட்டு வெயிலில் 400 வாட் சோலார் ஒரு நல்ல நாளில் சுமார் 1,400 வாட்-மணி தரும் (400 × 5 மணி × 0.7). கூரையில் பேனல் ஒட்டிப் படுத்திருந்தால் இது குறையும். பேனல் சூடாக ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி சரியும், கூரைமேல் அது 65 டிகிரிக்குக்கூடப் போகும். அடியில் 3, 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பிராக்கெட்டில் மாட்டினால் பேனலும் ஆறும், கூரைக்கும் நிழல் கிடைக்கும். வளையும் பேனலைக் கூரையில் அப்படியே ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடுகிறது.

சோலாரில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. வண்டியை நிழலில் நிறுத்தினால்தான் உள்ளே இருக்க முடியும், வெயிலில் நிறுத்தினால்தான் சார்ஜ் ஏறும். தென்னை ஓலை ஒன்றின் நிழல் விழுந்தாலே தொடர் இணைப்பில் உள்ள பேனல்களின் உற்பத்தி பெருமளவு விழும். இதற்கு 100 வாட் மடக்குப் பேனல் ஒன்றும் 10 மீட்டர் ஒயரும் வைத்துக்கொண்டு, வண்டியை வேப்பமரத்தடியிலும் பேனலை வெயிலிலும் வைப்பதே சரியான விடை. ஒயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுக்கும்) வகையாக இருக்கட்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாறிப்போனால் சில கன்ட்ரோலர்கள் எரிந்தேவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக் கூரைக்கு விற்கும் 540 வாட் பேனல் மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டை வாங்கி 100 வோல்ட் கன்ட்ரோலரில் தொடராக மாட்டுகிறார்கள். ஒன்றின் திறந்த வோல்டேஜ் (சுமை இல்லாதபோது வருவது) சுமார் 49, இரண்டுக்கு 98. சென்னையில் ஓடும். ஊட்டியில் குளிர்ந்த காலையில் வோல்டேஜ் ஏறி 100-ஐத் தாண்டும், கன்ட்ரோலர் அன்றோடு முடிந்தது. அவற்றை இணையாக மாட்டுங்கள், அல்லது 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது ஏற்றுவதற்கு டிசி-டிசி சார்ஜர், அதாவது ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருவது) கரன்ட்டை அளவாக்கிப் பேட்டரிக்குத் தரும் கருவி. ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே வைத்து நேராக இழுப்பது லித்தியத்துக்குச் சரிவராது. அது கிடைக்கும் கரன்ட்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும், இறங்கும் நேரத்தில் சார்ஜே ஏறாது. 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி ஏற்றும், மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் செலவு திரும்பிவரும். மழைக்காலத்தில் இதுதான் கை கொடுக்கும். சார்ஜர் தானே சூடாகும் பொருள், பேட்டரிப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள்.

மூன்றாவது, தங்கும் இடத்து பிளக். 16 ஆம்பியர் சாக்கெட்டுதானா என்று பார்த்து, செருகுவதற்கு முன் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். வழியோர விடுதிகளில் எர்த் இல்லாத சாக்கெட்டும், ஃபேஸும் நியூட்ரலும் மாறியதும் சாதாரணம். வண்டியின் உடம்பு முழுக்க இரும்பு. உள்ளே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாமல் வெளிக் கரன்ட்டை எடுக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடி அதிகச் சுமை கொடுத்தால் நடுவில் சூடேறி உருகும்.

சமையல்: மிக்ஸியா, இண்டக்‌ஷனா, கேஸா

மிக்ஸி எடுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், கிளம்பும்போது இழுப்பதுதான் அதிகம். 750 வாட் மிக்ஸிக்கு 1,000 வாட் தொடர் திறனும் 2,000 வாட் நொடிப்பொழுதுத் திறனும் உள்ள ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் போதும். மாடிஃபைடு சைன் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடாகும், ஆயுள் குறையும். 1,000 வாட் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 35 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒன்றரை மீட்டருக்கு உள்ளே, 125 ஆம்பியர் ஃபியூஸ். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணையுங்கள். சும்மா இருக்கும்போதே 10 வாட்டுக்கு மேல் எடுக்கும், ஒரு நாளில் அது ஏறத்தாழ 250 வாட்-மணி ஆகிவிடும். மிக்ஸி ஐந்து நாள் எடுப்பதை இன்வெர்ட்டர் ஒரே நாளில் சும்மா இருந்து தின்றுவிடும்.

இண்டக்‌ஷனில் இட்லி வைத்தால் 1,200 வாட்டில் 15 நிமிடம், 300 வாட்-மணி. அது முடியும். ஆனால் மூன்று வேளையும் அதிலேயே என்றால் பேட்டரியும் சோலாரும் இரட்டிப்பாக வேண்டும். 2,000 வாட் இன்வெர்ட்டர் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 70 சதுர மில்லிமீட்டர் ஒயர் கேட்கும். தோசை மாவுக்காகக் கிரைண்டரைத் தூக்கிப் போக வேண்டியதில்லை, மாவு பாக்கெட் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கிறது.

கேஸ் என்றால் பெட்ரோல் பங்க்குகளிலும் ஏஜென்சிகளிலும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் வண்டிக்கு ஏற்றது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு மட்டும்தான். ரெகுலேட்டர் அந்த வால்வில் உட்காருகிறதா என்று வாங்கும் இடத்திலேயே மாட்டிப் பாருங்கள். ஹோட்டல் அடுப்புக்கான ஹை-பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டாதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டியில் அதிர்வு அதிகம் என்பதால் அதற்கு முன்பே மாற்றினாலும் தவறில்லை. ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் நிற்கும் பெட்டிக்கு உள்பக்கம் அடைப்பும், தரையில் வெளியே திறக்கும் ஓட்டையும் வேண்டும். அந்த ஓட்டையைப் பாய் போட்டு மூடிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு ஜாணுக்குள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு பொருள், அதன் இடமும் வேறு: படுக்கும்போது தலை இருக்கும் உயரம். வண்டிகளுக்கான தரநிலை ஈஎன் 50291-2, அந்த எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும், கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்வதும் வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும். இந்த அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூட மூடிய வண்டியில் தூங்காதீர்கள்.

காற்றும் குளிர்ச்சியும்

கூரை ஃபேன்தான் இந்தப் பட்டியலிலேயே நான் முதலில் வாங்கச் சொல்லும் கருவி. உள்ளே இருந்து காற்றை வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, மறுகோடியில் நிழல் பக்கத்து ஜன்னலைத் தாழ்வாகத் திறக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாமல் ஃபேனை மட்டும் வேகமாக ஓட்டினால் சத்தம்தான் மிச்சம். கொசுவலை காற்றைப் பாதியாக்கும் என்பதால் வலை போட்ட ஜன்னலைப் பெரிதாகவே திறங்கள்.

கூரையில் வெட்டும் துளை பொதுவாக 14 அங்குலச் சதுரம் அல்லது 40 சென்டிமீட்டர், ஃபேனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். வெட்டுமுன் சுற்றிலும் துணி விரியுங்கள், சிதறும் இரும்புத்தூள் விழுந்த இடமெல்லாம் ஒரே மழையில் துருப்பிடிக்கும். வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்பு பிரைமர், சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், திருகுத் தலைகளுக்கு பாலியூரித்தேன் சீலன்ட். சிலிகான் வேண்டாம். அது விட்டுப்போனபின் அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே போடும் அலுமினிய ஷீட் பலமடங்கு உதவும், வெயில் கண்ணாடியைத் தொடுமுன் நின்றுவிடுகிறது. ஏசியைப் பொறுத்தவரை, சராசரி 500 வாட் என்றாலும் 8 மணி நேரத்துக்கு 4,000 வாட்-மணி, அதாவது 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி மூன்றுக்கும் மேல். வெளிக் கரன்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஏசி என்று முடிவு செய்துகொண்டால் நிம்மதி.

ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் வகையைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். மலிவாக விற்கும் 12 வோல்ட் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி வெளிவெப்பத்தைவிடச் சுமார் 18, 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18. பாலும் மீனும் அதில் கெட்டுப்போகும். அதோடு நிற்காமல் 4, 5 ஆம்பியரை இடைவிடாமல் இழுக்கும். கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் மூன்று வழி ஃபிரிட்ஜ் வண்டி சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும், நம் கோடையில் திணறும். எதை வாங்கினாலும் காற்று வெளியேறும் பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் விடுங்கள். இடம் சேமிக்க அலமாரிக்குள் இறுக்கி மாட்டிய ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடும்.

தண்ணீர், கழிப்பறை

இருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேனும், மேலே சொருகும் சார்ஜ் பம்பும் போதும். தீர்ந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம், தொட்டி கழுவும் வேலை இல்லை. நிரந்தரத் தொட்டி என்றால் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். அதற்கு முன்னால் வலை வடிகட்டி கட்டாயம், தொட்டியில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் சுருளே வால்வில் சிக்கிப் பம்பை நிறுத்தப் போதும். குழாய் மூடியிருக்கும்போது பம்ப் அவ்வப்போது ஒரு நொடி ஓடி நின்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். மரப்பலகை ஊறுவதற்கு முன் கண்டுபிடியுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய 100 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி ஊற்றி, குழாய்களிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள். வாசனைத் திரவியம் சேர்த்த பிளீச் கூடாது.

கையில் தூக்கும் கழிப்பறைகளில் கழிவுத் தொட்டி 21 லிட்டர் வரை வரும். அந்த அளவு காகிதம் பயன்படுத்துவோருக்குப் போட்ட கணக்கு. நாம் கழுவும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டராவது சேரும், அட்டையில் போட்டிருக்கும் நாட்களில் பாதியிலேயே நிரம்பிவிடும். கை ஸ்பிரேயின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த திரவம் செப்டிக் டேங்க்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும், அது இல்லாததை வாங்குங்கள். காலி செய்வது கழிப்பறையில் மட்டும், அனுமதி கேட்டு.

வண்டிக்கு

12 வோல்ட் காற்று கம்ப்ரஸரை நேராகப் பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையாக வாங்குங்கள். பெரிய டயருக்குத் தேவைப்படுவது 15 ஆம்பியருக்கு மேல், லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விடும். டயர் பிரஷர் சென்சார், கனம் தாங்கும் பாட்டில் ஜாக்கி, அதை மணலில் வைக்க ஒரு தடித்த பலகை, ஏபிசி பவுடர் தீயணைப்பான் 2 கிலோ. தீயணைப்பான் கதவோரம் இருக்கட்டும், அடுப்புக்குப் பின்னால் வைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

கூரையை வெட்டுவது, சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது எல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வரும் மாற்றங்களாகலாம். வேலை தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது ஆர்சியைத்தான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் தண்ணீர், கேஸ், துணிமணி, ஆட்கள் எல்லாம் ஏற்றி நெடுஞ்சாலையோர எடை மேடையில் நிறுத்துங்கள். முழு வண்டியை ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை. ஆர்சியில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் எதையாவது இறக்கியே ஆக வேண்டும். தாண்டாவிட்டாலும், பின் அச்சு எடைக்கு ஏற்ற காற்றழுத்தத்தை டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்து அடியுங்கள். பேட்டரி, தண்ணீர், கேஸ் மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் வளைவில் வண்டி சாயும், பேட்டரியை இடப்பக்கமும் தண்ணீரை வலப்பக்கமுமாகப் பிரித்து, இரண்டையும் அச்சுகளுக்கு நடுவே, தரையோடு தாழ்வாக வைத்து மறுபடி எடை போடுங்கள்.